தளர்ந்த கணினிக்கு எது மருந்து?

ரொக்கக் கடன் பெற்றுள்ள வணிகர்களின் சரக்கிருப்பை நேரில் சென்று பார்ப்பது வங்கி அலுவலரின் வழக்கமான கடமைகளுள் ஒன்று. அவ்வாறு சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், உல்லாஸ்நகர் 5ஆம் முகாமில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் கடைக்குச் சென்றிருந்தேன். ஜீன்ஸ் காற்சட்டைகளுக்குரிய பொத்தான், ஜிப், நூற்கண்டு ஆகியவற்றை மொத்தமாக விற்பவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளமையில் மும்பைக்கு வந்து, தாராவியில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பின்னர் இங்கே கடை வைத்தவர். கடைத்தெருவில் அனைவருக்கும் அவர் ‘அண்ணாச்சி’; எனக்கும் அவ்வாறே.

உல்லாஸ்நகர் தமிழருக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்யாண் அருகே அமைக்கப்பட்ட இராணுவ முகாம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகளின் இருப்பிடமாயிற்று. 1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி அவர்கள் அடிக்கல் நாட்டி, உல்லாஸ்நகர் என்னும் பெயருடன் இதனை ஒரு நகரமாகத் தொடங்கி வைத்தார். முகாம்கள் ஐந்தும் அவற்றின் எண்களாலேயே இன்றும் வழங்கப்படுகின்றன. பல முகவரிகளில் பழைய படைக்குடியிருப்பின் எண் இன்னும் இருக்கிறது.

அன்று மாதத்தின் 18ஆம் தேதி. சரக்கு மற்றும் சேவை வரியின் மாதாந்திரப் படிவத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஆனால் கல்லாப்பெட்டியின் அருகிலிருந்த கணினியில் எவரும் வேலை செய்யவில்லை. திரையில் ஒரு சிறு சாளரம் திறந்திருந்தது. அதில் ஒரு சதவீதக் கணக்கு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“காலையில் ஒன்பது மணிக்குப் போட்டது சார். இன்னும் பதினொரு சதவீதந்தான் ஆயிருக்கு. மெஷின் ரொம்ப மெதுவா ஓடுது. மாசம் ஒரு தடவை டிஃப்ராக் போட்டாத்தான் சரியாகும்னு ரிப்பேர் பார்க்கிற தம்பி சொல்லியிருக்கு. இனிமே இதுவும் தாங்காதுன்னா, புதுசா மூணு கம்ப்யூட்டர் வாங்கக் கடன் கிடைக்குமா?” என்றார் அண்ணாச்சி.

கடன் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வது எளிது. ஆயினும், நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக்குச் செலவிடும் வணிகருக்குக் கடன் கொடுப்பது நல்ல வங்கிப் பணி ஆகாது. அந்தக் கடையிலும் கிடங்கிலுமாக இருந்த மூன்று கணினிகளும் மெதுவாகவே இயங்கின. மூன்றுக்கும் ஒரே மருந்தே கொடுக்கப்பட்டு வந்தது. அன்று நான் கண்டதை நம் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பேரேடும் வட்டும்

‘டிஃப்ராக்’ என்று கடைவீதியில் சுருக்கமாக வழங்கும் வட்டுச் சீரமைப்பு என்பது யாது? இதனை விளக்க எனக்குக் கைகொடுப்பது பழைய வங்கிப் பேரேடுதான். நான் பணியில் சேர்ந்த காலத்தில் கிளைகள் கணினிமயமாகிக் கொண்டிருந்தன. எனினும் கனத்த அட்டை போட்ட பேரேடுகள் ஆவண அறையில் அடுக்கியிருந்தன. ஒரு வாடிக்கையாளருக்கு 40ஆம் பக்கம் ஒதுக்கப்படும். வரவு செலவு மிகுந்து அப்பக்கம் நிரம்பிவிட்டால், அடுத்த பக்கம் வேறொருவருடையதாக இருக்கும். ஆதலால் காலியாக உள்ள 212ஆம் பக்கத்திற்குக் கணக்கு எடுத்துச் செல்லப்படும். அதுவும் நிரம்பினால் 377ஆம் பக்கம். ஒருவருடைய முழுக் கணக்கையும் பார்க்க வேண்டுமானால், முன்னும் பின்னும் ஏட்டைப் புரட்டியாக வேண்டும். கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஒரு காசும் குறையாது. ஆனால் நேரம் செலவாகும்.

கணினியின் வன்தட்டிலும் இதுவே நிகழ்கிறது. விண்டோஸ் இயங்குதளம் வட்டினைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. வழக்கமாக ஒரு கட்டத்தின் அளவு 4 கிலோபைட். ஒரு கோப்பு வளர வளர, அதற்கு அடுத்துள்ள கட்டங்கள் காலியாக இல்லாவிடில், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே எஞ்சிய பகுதி எழுதப்படுகிறது. எந்தத் துண்டு எங்கே உள்ளது என்னும் குறிப்பு ஓர் அட்டவணையில் பதிவாகும். நாள்தோறும் புதிய சீட்டுகள் சேர்ந்து வளரும் கணக்குக் கோப்புகள் இவ்வாறு துண்டுபடுவதற்கு மிகவும் ஏற்றவை.

வட்டுச் சீரமைப்பு என்பது, புதிய பேரேடு திறக்கும் எழுத்தர் ஒவ்வொருவர் கணக்கையும் தொடர்ச்சியான பக்கங்களில் படியெடுத்து வைப்பது போன்றது. கோப்பின் உள்ளடக்கம் மாறுவதில்லை. துண்டுகள் மட்டும் அருகருகே கொண்டுவரப்படுகின்றன.

ஒரு சிறு கணக்கு

இதனால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இதைக் கணக்காகவே பார்க்க விழைகிறேன்.

வன்தட்டு என்பது உண்மையில் சுழலும் தட்டு. மடிக்கணினிகளிலும் பல சிறு கணினிகளிலும் அது நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைப்பகுதியின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி ஆகும். படிக்கும் தலை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நகர மேலும் 9 அல்லது 10 மில்லி விநாடி தேவை. ஆக, ஒவ்வொரு துண்டையும் தேடிச் செல்ல 15 மில்லி விநாடி செலவாகிறது எனக் கொள்ளலாம்.

இரண்டு மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு 500 துண்டுகளாகச் சிதறியிருக்கிறது என்போம். தேடுவதற்கு மட்டும் 500 பெருக்கல் 15, அதாவது ஏழரை விநாடி ஆகிவிடும். அதே கோப்பு ஒரே தொடராக இருந்தால், விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில், தேடும் நேரத்தையும் சேர்த்து ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கே போதும். சீரமைப்புக்கு அக்காலத்தில் இருந்த நற்பெயர் பொய்யன்று என்பது இதிலிருந்து விளங்கும். 1993ஆம் ஆண்டு வெளிவந்த எம்.எஸ்-டாஸ் 6ஆம் பதிப்பிலேயே இதற்கான கருவி சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 95, 98 காலத்தில் வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம்மில் பலர் இருப்பர்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கோப்பின் துண்டு 64 மெகாபைட் அளவுக்குப் பெரியது என்றால், அதைப் படிக்கவே அரை விநாடிக்கு மேல் ஆகும். அடுத்த துண்டைத் தேட ஆகும் 15 மில்லி விநாடி அதில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் மட்டுமே. எனவேதான் விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, 64 மெகாபைட்டை விடப் பெரிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் முயற்சியையே அக்கருவி கைவிட்டது. அது மட்டுமன்று, விஸ்டாவிலிருந்து இச்சீரமைப்பு வாரம் ஒருமுறை தானாகவே நடைபெறும்படி அமைக்கப்பட்டது. ஆகவே அண்மைக்காலக் கணினி பெரும்பாலானவற்றில், நாம் கேட்காமலேயே இவ்வேலை நடந்துகொண்டிருக்கிறது.

முதல் கணினி: மருந்தே தீங்கானது

இனி அண்ணாச்சியின் கடைக்குத் திரும்புவோம். கல்லா அருகிலிருந்த கணினி, விண்டோஸ் 10 உடன் ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. மூன்று மணி நேரத்தில் பதினொரு சதவீதம் என்பதே எனக்கு ஐயத்தைத் தந்தது. பெட்டியின் அருகே காதை வைத்தபோது, சீரான ரீங்காரத்திற்கு இடையே ‘டிக், டிக்’ என்று ஓர் ஒலி கேட்டது.

அந்த ஒலி எனக்கு முன்பே பழக்கம். 2014ஆம் ஆண்டில் என் வீட்டுக் கணினியும் இவ்வாறே தளர்ந்தது. நானும் ஓர் இரவு முழுவதும் அதைச் சீரமைக்க விட்டுவிட்டு உறங்கினேன். காலையில் கணினி தொடங்கவே இல்லை. என் மகளின் காதணி விழாப் புகைப்படங்கள் அவ்வட்டில் மட்டுமே இருந்தன. அவை திரும்பக் கிடைக்கவில்லை. துண்டுகள் சிதறியதால் அந்த வட்டு தளரவில்லை. அதன் பரப்பு கெட்டுப்போனதால் தளர்ந்தது. கெட்ட பகுதியைப் படிக்க இயலாமல் வட்டு மீண்டும் மீண்டும் முயலும். அம்முயற்சியே நமக்கு வேகக் குறைவாகத் தோன்றும். அந்நிலையில் சீரமைப்பைத் தொடங்குவது, மூச்சிரைக்கும் முதியவரை மூட்டை சுமக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். வட்டில் உள்ள கோப்புகளை எல்லாம் எடுத்து வேறிடத்தில் எழுதுமாறு அதனிடம் கேட்கிறோம்.

ஆகவே முதலில் சீரமைப்பை நிறுத்தச் சொன்னேன். “பாதியில் நிறுத்தினால் கோப்பு கெட்டுப்போகாதா?” என்று அண்ணாச்சியின் மருமகன் கேட்டார். விண்டோஸ் தரும் கருவியில் நிறுத்தும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கையிலுள்ள துண்டை முடித்துவிட்டு நின்றுவிடும். அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, வெளிவட்டு ஒன்றைக் கொண்டுவரச் செய்து, கணக்கு மென்பொருளின் கோப்புறை முழுவதையும் படியெடுத்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு பழைய கோப்புகள் படிக்க மறுத்தன. அவை மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய விலைப்பட்டியல்கள். நல்லவேளையாக, கணக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. அதன் பின்னரே வட்டின் உடல்நிலையைச் சோதித்தோம். ஒவ்வொரு வன்தட்டும் தன் குறைபாடுகளைத் தானே பதிவு செய்துகொள்கிறது. ‘ஸ்மார்ட்’ எனப்படும் இப்பதிவைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அண்ணாச்சியின் வட்டு ‘எச்சரிக்கை’ என்று காட்டியது. கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கப்பட்டவை பல.

இங்கே ஒரு கணக்கியல் உண்மையையும் கூற வேண்டும். வருமான வரி விதிகளின்படி கணினிக்கு ஆண்டுதோறும் குறைந்துசெல் மதிப்பில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு. முழு ஆண்டும் பயன்பட்ட கணினி 50,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டிருந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் அதன் ஏட்டு மதிப்பு 3,888 ரூபாய். ஆனால் அதனுள் இருக்கும் கணக்கு விவரங்களுக்கு இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமோ, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. கடனாளிகளிடமிருந்து வரவேண்டிய தொகை, வங்கிக்குத் தர வேண்டிய சரக்கிருப்பு அறிக்கை ஆகியன யாவும் அந்த 3,888 ரூபாய்ப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

இரண்டாம் கணினி: மருந்து பலித்தது

கிடங்கில் இருந்த கணினி இன்னும் பழையது; விண்டோஸ் 7 கொண்டது. இணைய இணைப்பு இல்லை; சரக்கு வரவு, வெளியேற்றம் ஆகியவற்றைப் பதிவதற்கு மட்டும் பயன்பட்டது. இதன் வட்டைச் சோதித்தபோது உடல்நிலை நன்றாக இருந்தது. ஆனால் வாராந்திரச் சீரமைப்பு என்றோ நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குரிய நேரம் புதன்கிழமை நள்ளிரவு கடந்து ஒரு மணி. கடைக்காரர்கள் இரவு எட்டு மணிக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதால் அது நடந்தும் இராது. ஆய்வு செய்தபோது துண்டாக்கம் 23 சதவீதம் என்று காட்டியது. வட்டும் ஏறத்தாழ நிரம்பியிருந்தது.

நிரம்பிய வட்டில் சீரமைப்பு சரிவர நடவாது. பேரேட்டில் வெற்றுப் பக்கமே இல்லாவிடில், எழுத்தர் எங்கே படியெடுப்பார்? விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கருவி, குறைந்தது 15 சதவீத இடம் காலியாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டது. எனவே முதலில் படியெடுத்து வைத்தோம். பின்னர் தேவையற்ற திரைப்படங்களையும் பழைய நிறுவல் கோப்புகளையும் நீக்கினோம். அன்று இரவு மட்டும் கிடங்கின் மின்சாரத்தைத் துண்டிக்காமல் சீரமைப்பை ஓடவிட்டார்கள்.

மறுநாள் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். கணக்கு மென்பொருள் திறப்பதற்கு முன்பு மூன்று நிமிடம் பத்து விநாடி ஆனது. இப்போது இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. கணினி தொடங்கும் நேரத்தில் பெரிய மாறுதல் இல்லை. மருந்து பலித்தது என்று சொல்லலாம். புதுக் கணினி ஆகிவிட்டது என்று சொல்ல இயலாது. சுழலும் வட்டு, நல்ல உடல்நிலை, நெடுங்காலம் கவனிக்கப்படாத துண்டாக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டுமே இப்பலன் கிட்டும்.

ஒன்றை இங்கே வலியுறுத்திக் கூறினேன். விண்டோஸ் 7க்கு உரிய பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டுவிட்டன. விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. அத்தகைய பழைய கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும், அதனை இணையவழி வங்கிச் சேவைக்குப் பயன்படுத்தலாகாது.

மூன்றாம் கணினி: நோய் வேறு

மூன்றாவது, மருமகனின் மடிக்கணினி. வாங்கி இரண்டு ஆண்டுகளே ஆயின. அதனுள் சுழலும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டு இருந்தது. ‘கணினியை வேகமாக்கும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து அவர் பதிவிறக்கிய ஒரு மென்பொருள், நாள்தோறும் அவ்வட்டைச் சீரமைத்துக் கொண்டிருந்தது.

திடநிலை வட்டில் சுழற்சியும் இல்லை, நகரும் தலையும் இல்லை. எந்த இடத்தில் இருக்கும் தகவலையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவில், எடுத்துவிட முடியும். மேலே சொன்ன 500 துண்டுக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், ஏழரை விநாடி என்பது விநாடியில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பேரேட்டின் எல்லாப் பக்கங்களும் ஒரே மேசைமீது விரித்து வைக்கப்பட்டது போன்ற நிலை அது. பக்கங்கள் எந்த வரிசையில் இருந்தால் என்ன?

பயன் இல்லை என்பதோடு இது முடிவதில்லை. திடநிலை வட்டின் ஒவ்வொரு பகுதியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் அழித்து எழுத முடியும். தேவையின்றி நாள்தோறும் முழு வட்டையும் மாற்றி எழுதுவது, அதன் ஆயுளிலிருந்து செலவு செய்வதாகும். எனவே விண்டோஸ் 7 முதல், இயங்குதளம் திடநிலை வட்டை அடையாளம் கண்டு, அதற்கு வழக்கமான சீரமைப்பைத் தவிர்க்கத் தொடங்கியது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் கருவியின் பெயரே ‘உகந்ததாக்கல்’ என்னும் பொருளில் மாற்றப்பட்டது. திடநிலை வட்டின்மேல் அப்பொத்தானை அழுத்தினால் நடப்பது பெரும்பாலும் ‘ட்ரிம்’ என்னும் வேறொரு செயல்: நீக்கப்பட்ட கோப்புகள் இருந்த இடங்கள் எவை என்று வட்டுக்குத் தெரிவிப்பது. எழுதிய பலகையைத் துடைத்த பின்னரே மறுபடி எழுத இயலும். எதைத் துடைக்கலாம் என்று முன்னரே தெரிந்தால் எழுதும் வேலை தாமதமின்றி நடக்கும்.

அப்படியானால் அந்த மடிக்கணினி ஏன் தளர்ந்தது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பணி மேலாளர் திறக்கும். மத்தியச் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றுள் எது முழுவதும் பயன்பாட்டில் உள்ளது என்பதை அது காட்டிவிடும். மருமகனின் கணினியில் நினைவகம் 4 ஜிகாபைட். அதில் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தது. உலாவியில் முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் திறந்திருந்தன. கணினி தொடங்கும்போதே தாமாகத் தொடங்கும் நிரல்கள் பதினான்கு. அவற்றுள் ஒன்று, ‘வேகமாக்கும்’ என்று சொல்லிக்கொண்ட அதே மென்பொருள்! அதை நீக்கி, பதினொரு நிரல்களின் தானியங்குத் தொடக்கத்தை நிறுத்தினோம். செலவு ஒரு ரூபாய் கூட இல்லை.

தொலைபேசியில் வரும் மருத்துவர்கள்

கணினி மெதுவாக இருப்பது மோசடிக்காரர்களுக்கு வாய்த்த வாசலும் ஆகும். ‘உங்கள் கணினியில் பிழைகள் உள்ளன, நாங்கள் சரிசெய்து தருகிறோம்’ என்று அழைத்து, தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். நிறுவிய உடனே உங்கள் திரை அவர்கள் கைக்குச் சென்றுவிடும். இணையவழி வங்கிக் கணக்கும் உடன் செல்லும். இத்தகைய செயலிகளைக் கொண்டு நடக்கும் மோசடியைப் பற்றி 2019ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. எந்த வங்கியும், எந்த மென்பொருள் நிறுவனமும் தாமாக அழைத்து உங்கள் கணினியைச் சரிசெய்ய முன்வருவதில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் கிளைக்கும் உடனே தெரிவியுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கணினி தளர்ந்தால், எதைச் செய்வதற்கும் முன் கணக்குகளைப் படியெடுங்கள். சீரமைப்பு இதற்குப் பின்னரே.

2. உங்கள் வட்டு எவ்வகை என்பதை அறியுங்கள். விண்டோஸ் தேடுபெட்டியில் ‘டிஃப்ராக்’ என்னும் சொல்லை ஆங்கிலத்தில் இட்டால் தோன்றும் கருவியிலேயே, ஒவ்வொரு வட்டும் சுழலும் வகையா, திடநிலை வகையா என்று குறிக்கப்பட்டிருக்கும்.

3. சுழலும் வட்டாக இருந்து, உடல்நிலை நன்றாக இருந்தால் சீரமைக்கலாம். தானியங்கு அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால், கையால் செய்யத் தேவையே இராது.

4. விந்தையான ஒலி, அடிக்கடி உறைதல், கோப்பு திறக்க மறுத்தல் ஆகியவை வட்டு கெடுவதன் அறிகுறிகள். சீரமைக்காதீர்கள், மாற்றுங்கள்.

5. திடநிலை வட்டுக்கு வெளியார் மென்பொருள் கொண்டு சீரமைப்பு வேண்டாம்.

6. நினைவகம், தானாகத் தொடங்கும் நிரல்கள், நிரம்பிய வட்டு, தீநிரல் ஆகியவற்றைப் பணி மேலாளரின் துணையோடு முதலில் பாருங்கள்.

7. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பதே படியெடுப்பின் விதி.

கடைசி விதியை உல்லாஸ்நகர் மக்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று உல்லாஸ் ஆறும் வால்துனி ஆறும் கரை கடந்து இப்பகுதிக்குள் புகுந்தன. “அன்னிக்குக் கணக்குப் புத்தகம் பூராவும் நனைஞ்சு போச்சு சார். யார் எவ்வளவு தரணும்னு அவங்கவங்க சொன்னதை நம்பித்தான் எழுதினேன்” என்றார் அண்ணாச்சி. கணினியும் வெளிவட்டும் ஒரே மேசையில் இருந்தால், வெள்ளம் இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

மூன்று கணினிகளுக்கான கடன் விண்ணப்பம் பூர்த்தி செய்யப்படவில்லை. மும்பை லாமிங்டன் சாலைக்குச் சென்ற மருமகன், கல்லாக் கணினிக்கு ஒரு திடநிலை வட்டும், தம் மடிக்கணினிக்குக் கூடுதலாக 4 ஜிகாபைட் நினைவகமும் வாங்கி வந்தார். அனைத்தும் ஒரு புதிய கணினியின் விலையில் சிறு பங்குக்குள் அடங்கின. முன்பு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்ட கல்லாக் கணினி இப்போது அரை நிமிடத்தில் தொடங்குகிறது. விண்டோஸ் 10இன் ஆதரவு முடிந்துவிட்டதால், அடுத்த நிதியாண்டில் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது என்றும் முடிவு செய்துள்ளனர். மாதந்தோறும் வந்துபோன பழுதுநீக்குபவரையும் நான் குறை கூற மாட்டேன். ஒரு காலத்தில் நல்ல மருந்தாக இருந்ததை, நோயாளி மாறிய பின்னும் அவர் கொடுத்து வந்தார், அவ்வளவே. இப்போது அவரும் வந்தவுடன் முதலில் வட்டின் உடல்நிலையைப் பார்க்கிறாராம்.

அந்த மாதத்து வரிப் படிவம் 20ஆம் தேதி மாலையில் தாக்கல் செய்யப்பட்டது. பழைய வட்டு, மாற்றிய நான்காம் நாள், வேறொரு கணினியில் பொருத்திப் பார்த்தபோது இயங்க மறுத்துவிட்டது. சனிக்கிழமைதோறும் கடை அடைத்த பிறகு, கணக்குகளைப் படியெடுத்த சிறிய வெளிவட்டு ஒன்று, உள்ளூர் மின்தொடரில் செம்பூரில் உள்ள அண்ணாச்சியின் தம்பி வீட்டுக்குப் பயணம் செய்கிறது. போன வாரம் அங்கே இருந்தது திரும்பக் கடைக்கு வருகிறது.